இஸ்திரிக்கு வந்த கோட்டை

வசந்தியின் மேஜைக்கு வராத துணி கிடையாது. கல்யாணப் பட்டு வந்திருக்கிறது. சாவு வீட்டுக்குப் போய்வந்த வேட்டி வந்திருக்கிறது. ஒருமுறை பி பிளாக்கிலிருந்து நாய்க்குத் தைத்த ஸ்வெட்டர் வந்தது. அதையும் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தாள். துணி என்று வந்துவிட்டால் அது யாருடையது, எதற்கு என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. ஆனால் அந்த வியாழக்கிழமை காலையில் சக்ரபாணி லிஃப்டில் இறங்கி வந்து, கக்கத்தில் இடுக்கியிருந்த சுருளை அவள் மேஜைமேல் பிரித்தபோது, பெட்டியைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

துணிதான். ஆனால் துணிமேல் ஓர் ஊரே இருந்தது. பழுத்த பச்சையில் ஒரு மேடு. மேட்டின்மேல் கல்லால் கட்டிய பெரிய கோட்டை. அதுவும் முழுசாக இல்லை. கூரை போய், கோபுரத்தின் ஒரு பக்கம் சரிந்து, ஜன்னல்கள் வழியே வானம் தெரிந்தது. சுவரெல்லாம் கொடி ஏறியிருந்தது. கீழே ஓடை, ஓடையில் வாய் வைத்திருக்கும் மாடுகள். கோட்டைச் சுவரில் சாய்ந்தாற்போல ஒரு குடிசை, அதன் தலையில் கொஞ்சம் புகை. இத்தனைக்கும் குறுக்கே, சேற்றில் வண்டி போன தடம்போல ஒரு பெரிய மடிப்பு விழுந்திருந்தது.

"இன்னா சார் இது?"

"பெயிண்டிங். வெள்ளைக்காரன் காலத்துது. எங்கப்பா கன்டோன்மென்ட்ல ஹெட் கிளார்க்கா இருந்தப்போ ஒரு கர்னல் ஊருக்குப் போறச்சே பங்களா சாமானையெல்லாம் ஏலம் விட்டான். அதுல எடுத்தது. மாரெட்பள்ளி வீட்ல ரேடியோவுக்கு மேல தொங்கிண்டிருந்தது."

சக்ரபாணி அந்த அடுக்குமாடிக்குப் புதியவர். மாரெட்பள்ளி வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, மனைவி கல்பகத்தோடு இங்கே ஊரின் மறுகோடியான கச்சிபௌலியில் மகன் பத்ரியின் ஃபிளாட்டுக்கு அந்த மாதம்தான் குடிவந்திருந்தார். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் மத்திய அரசு ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வசந்தி அவரைத் தூரத்தில் பார்த்திருக்கிறாள். நின்று பேசியதில்லை. இன்றுதான் முதல் தடவை.

"சட்டத்தைக் கரையான் தின்னுடுத்து. பிரிச்சுச் சுருட்டி வச்சா, லாரிக்காரன் அதுமேல கிரைண்டரை ஏத்திட்டான். ஞாயித்துக்கிழமை வீட்ல பூஜை. பத்ரியோட பெரிய பாஸ் வரான். அதுக்குள்ள ஃப்ரேம் போட்டு மாட்டணுமாம். ஃப்ரேம்காரன் இந்த மடிப்பு எடுபடாதுங்கறான். கைக்கு எடுபடாது? ஏன் எடுபடாதுங்கறேன்? ஒரு இழுப்பு இழு, போயிடும்."

வசந்தி விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்த புண்ணின் பக்குபோல இருந்தது.

"சாயம் மேல திட்டுத் திட்டா நிக்குது சார். இதுல சூடு வைக்கறதா? எனக்குப் பயமாக்கீது. நான் இந்த மாரி போட்டதில்ல."

"நீ போட்டதில்ல. நான் போட்டிருக்கேன்." சக்ரபாணி மேஜைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். "இதுக்குப் பேர் என்ன தெரியுமோ? கான்வாஸ். கான்வாஸ்னா கூடாரத் துணி. எங்க ஃபேக்டரில டென்ட்டெல்லாம் எப்படி மடிப்பு எடுப்போம்? பின்பக்கம் திருப்பி, ஈரச்சாக்கு போட்டு, மேல கரிப்பெட்டி. நான் கண்டுபிடிச்ச முறை. ஒரு பிரிகேடியர் வந்து பாத்துட்டு, வெல்டன் சக்ரபாணின்னு என் தோளைத் தட்டினான். தட்டின கைல மோதிரம். ரெண்டு நாள் வலிச்சுது."

சொல்லிவிட்டு அந்தத் தோளைத் தடவியும் காட்டினார்.

வசந்திக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. பேச்சைத் தள்ளிப்போட என்னவோ கேட்டாள்.

"இன்னாத்துக்கு சார் இடிஞ்ச வீட்டைப் போய்ப் படமா வரஞ்சிக்கிறாங்க? நல்ல வீடு கிடைக்கலியா?"

சக்ரபாணி சிரித்தார். "இடிஞ்சிருக்கறதுதான் அழகு. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் குதிரைல போய், மணிக்கணக்கா உக்காந்து ரசிப்பான். இந்தக் குடிசையைப் பாரு, எவ்வளவு அம்சமா இருக்கு."

வசந்தி குடிசையைப் பார்த்தாள். ஏரிக்கரையில் அவள் குடியிருந்த வீட்டைப் போன வருஷம் மஞ்சள் வண்டி கொண்டுவந்து இடித்தார்கள். சுவர் பாதியில் நின்றது. கதவு நிலை மட்டும் தனியாக, அதன் வழியே வானம் தெரிய, மழை வரும்வரை அப்படியே கிடந்தது.

"எங்க வூட்டை ஜேசிபி வச்சு இடிச்சப்போவும் இப்படித்தான் சார் இருந்துச்சு. ஒருத்தரும் ரசிக்கல. நாறுதுன்னு இந்தப் பக்கத்து ஃபிளாட்காரங்க புகார்தான் குடுத்தாங்க."

"அது வேற, இது வேற," என்றார் அவர். "சாக்கு இருக்கா? நனைச்சுக் கொண்டா."

ஏன் போட்டாய் என்று பின்னால் புருஷன் மணிவண்ணன் கேட்டான். அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் லேசானதுதான். எதிரே நின்றவர் செயலாளரின் அப்பா. அந்தக் கட்டடத்துச் சங்கத்துக்கு பத்ரிதான் செயலாளர். ஜெனரேட்டர் அறைச் சுவருக்கும் கேட்டுக்கும் நடுவே கட்டில் அகலம் நிழல் இருக்கிறதே, அதில் அவள் மேஜை நிற்பது பத்ரி சரி என்றதால். பக்கத்துக் கட்டடத்து இஸ்திரிக்காரன் எத்தனையோ நாளாக அந்த இடத்துக்குக் கண் வைத்திருக்கிறான். வாணியம்பாடியிலிருந்து வந்து, ஏரிக்கரையையும் தொலைத்து, புருஷனும் பெண்டாட்டியும் கடைசியில் காலூன்றியது அந்த நிழலில்தான். அதை விட்டால் நடுரோட்டில் வெயிலில் நிற்கவேண்டும்.

அதனால் போட்டாள். படத்தைக் குப்புறக் கவிழ்த்து, ஈரச்சாக்கை விரித்து, கரிப்பெட்டியின் சாம்பலை ஊதிவிட்டு வைத்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"அழுத்து," என்றார் சக்ரபாணி. "நன்னா அழுத்து. பயப்படாதே."

அழுத்தினாள். கோந்தும் சாம்பிராணியும் சேர்ந்து தீய்கிறாற்போல ஒரு வாசம் வந்தது. அவள் பெட்டியை எடுத்துவிட்டாள்.

"கைக்கு எடுக்கறே? இன்னொரு இழுப்பு."

இன்னொரு இழுப்பு இழுத்தாள். பிறகு சாக்கை நீக்கி, துணியின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். ஒட்டிக்கொண்டு வந்தது. பிசின் பிரிகிற சத்தம். சக்ரபாணியே மறு நுனியைப் பிடித்து இழுத்தார்.

மடிப்பு போயிருந்தது. கூடவே கோட்டையும் போயிருந்தது. மாடுகள் இருந்தன, இரண்டுக்குத் தலை இல்லை. மேடு இருந்த இடத்தில் கோணிபோல வெறும் இழை. கோபுரம், கொடி, குடிசை, புகை எல்லாம் மேஜைமேல் விரித்திருந்த அவளுடைய வெள்ளைத் துணியில், இடது வலமாகவும் வலது இடமாகவும் மாறி, பளபளவென்று உட்கார்ந்திருந்தன.

கேட்டில் டெலிவரிப் பையன் ஹாரன் அடித்தான். சக்ரபாணி மேலும் கீழும் பார்த்தார். வாட்ச்மேன் கேட் திறக்கப் போயிருந்தான். வேறு யாரும் இல்லை. அவர் மிச்சப் படத்தை மெதுவாகச் சுருட்டினார்.

"நீ ஒண்ணும் பேசாதே," என்றார். "நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டது சாயங்காலம் தெரிந்தது.

ஆபீஸிலிருந்து வந்த பத்ரி வண்டியைப் பார்க்கிங்கில் விட்டு மாடிக்குப் போனான். போன சூட்டில் கீழே வந்தான். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது.

"யாரைக் கேட்டு அதை இஸ்திரி போட்டே?"

"பெரிய சார் சொல்லித்தான் சார் போட்டேன். இங்கதான் நின்னுக்கினு இருந்தாரு."

"பொய் சொல்லாதே. பெட்ஷீட் மூட்டையோட தெரியாம கலந்து கீழ வந்துடுத்துன்னு அப்பா சொல்றார். பெட்ஷீட்டுக்கும் பெயிண்டிங்குக்கும் வித்தியாசம் தெரியாது உனக்கு?"

தப்பு செய்தாய் என்று சொன்னால் வசந்தி தாங்கிக்கொள்வாள். கண் தெரியாதவள் என்கிறானே. சட்டைக் காலரைத் தொட்டே எந்த வீட்டுத் துணி என்று சொல்லுகிறவள் அவள்.

"சார், பெரிய சாரைக் கூப்பிடுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

"எண்பது வயசு மனுஷனை உன் மேஜைகிட்ட கொண்டுவந்து நிறுத்தணுமா? எங்கப்பா வாழ்க்கைல பொய் சொன்னதில்ல."

"நான் மட்டும் பொய் சொல்லிக்கீறேனா?"

பத்ரி ஃபோனை எடுத்துத் தட்டினான். அன்றிரவே அடுக்குமாடி வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: கேட் பக்கத்து இஸ்திரிப் பெண்மணி வசந்தியின் அஜாக்கிரதையால் ஒரு வீட்டின் பரம்பரைச் சொத்து நாசமானது, விலை உயர்ந்த துணிகளை அவரிடம் கொடுப்போர் கவனமாக இருக்கவும், அவரை அப்புறப்படுத்துவது பற்றி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சங்கம் முடிவெடுக்கும். மூன்றாம் மாடி ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ், மறுநாள் டியூட்டிக்குப் போகும்போது அதை வசந்திக்கு வாசித்துக் காட்டினாள்.

"அக்கா, நீங்க அப்படிச் செய்யற ஆளே கெடையாதே. என்னதான் நடந்துச்சு?"

வசந்தி நடந்ததைச் சொன்னாள். ஸ்டெல்லா நம்பினாள். நம்பி என்ன? அவள் வாடகைக்கு இருப்பவள். குழுவில் அவள் பேச்சுக்கு ஒரு கட்டைவிரல்கூட விழாது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மூட்டைகள் திரும்பிப் போயின. கொண்டுவந்து கொடுத்தவர்களே வந்து எடுத்தார்கள். "மா பட்டலு இச்செய்மா," என்று ஒரு தெலுங்கு அம்மாள் தங்கள் துணியைத் திருப்பிக் கேட்டாள். தேய்க்காத புடவைகளை அங்கேயே உதறி, கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இந்த அம்மாளின் மகள் கல்யாணத்துக்கு வசந்தி விடிய விடிய நின்று பட்டு மடித்திருக்கிறாள். புடவையில் ஒரு நூல் பிசகியிருந்ததா? இல்லை. ஆனாலும் வெளிச்சத்தில் பார்த்தாள்.

பெட்டியில் கரி கனன்றுகொண்டே கிடந்தது. தேய்க்க ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை பத்ரி மறுபடி வந்தான். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. மேஜையின் கால்களையும் அடியில் இருந்த மூட்டையையும் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அன்னிக்கு மேஜைல விரிச்சிருந்த துணி எங்கே?"

"இருக்குது."

"அது வேணும். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரிஞ்ச ஆள் இந்த மாதிரிப் படத்தையெல்லாம் சரி பண்ணுவாராம். அதுல ஒட்டின பெயிண்ட் போகாம இருந்தா எடுத்துத் திரும்ப ஒட்ட முடியுமாம்."

வசந்தி அந்தத் துணியை அன்றைக்கே எடுத்து, அடுத்தவர் துணியில் சாயம் ஒட்டிவிடக் கூடாதே என்று தினத்தந்தித் தாளில் பொதிந்து மேஜைக்கு அடியில் வைத்திருந்தாள். அதைச் சொல்லவில்லை.

"குடுத்தா?"

"நான் நியாயமா நடந்துக்கறேன். மேஜை இங்கயே இருக்கட்டும். சங்கத்துல நான் பேசறேன். ஒண்ணே ஒண்ணு, உன் புருஷன் ஃபோன்லேர்ந்து குரூப்ல ஒரு வாய்ஸ் போடணும். தெரியாமப் போட்டுட்டேன், தப்பு என்மேலதான், மன்னிச்சுக்கோங்கன்னு. அவ்வளவுதான். அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. இது முடிஞ்சா எல்லாருக்கும் நிம்மதி."

போய்விட்டான். மணிவண்ணன் பீடியைக் காலில் நசுக்கினான்.

"சொல்லிட்டுப் போடி. வாய்தானே. சொன்னா தேஞ்சா போவும்?"

"நீ சொல்லுவியா?"

"நான் இன்னான்னு சொல்றது? நான் மேல மூட்டை எடுக்கப் போயிருந்தேன்."

"தப்பு என்மேலன்னு நான் சொன்னப்புறம் எவ பட்டுப் புடவை குடுப்பா? இடம் இருக்கும். துணி வராது. சுவத்தையா தேய்ப்பே? அவரு பாட்டுக்கு நின்னு அழுத்து அழுத்துன்னாரு. கையால இழுத்தாரு. அப்புறம் மேல போய் சோறு எறங்கலையாம். எனக்கு மட்டும் எறங்குதா?"

"அவங்களுக்கு எதிரா நாம நிக்க முடியுமா? யோசிச்சுப் பேசு."

"நிக்க வேணாம். நான் செய்யாததை என் வாயால சொல்ல வேணாம். அவ்ளோதான் கேக்கறேன்."

மணிவண்ணன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடியிலிருந்து வாழைப்பழமும் நெய்யும் மணத்தது. பூக்காரன் போனான், சாஸ்திரிகள் போனார். மாலையில் பாஸ் வருகிறானோ என்னவோ, கேட் வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தார்கள். வசந்தியின் மேஜையில் இருந்தது ஒரே ஒரு புடவை: ஸ்டெல்லா கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டியது. ஸ்டெல்லா பக்கத்தில் நின்று பெட்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கல்பகம் வந்தாள். மடிசாரும் மூக்குத்தியுமாக, கையில் மடித்த பட்டு வேட்டியோடு. முகத்தில் ஆயிரம் வேலையின் அவசரம்.

"வசந்தி, படம் போனது போறது, விடு. நான் அதைப் பத்திப் பேச வரலை. ட்ரங்க்ல கிடந்து வேட்டி நசுங்கிப் போச்சு. வீட்டுப் பெட்டில போட்டாப் பட்டு பொசுங்கும். இதையாவது பாத்து, நிதானமாப் போட்டுக் கொடு. மாமா அதைக் கட்டிண்டு மனைல உக்காரணும்."

அவளிடம் துணி கொடுக்க எல்லாரையும் யோசிக்கவைத்த வீடு. அதே வீட்டிலிருந்து வேட்டி. வசந்தி அதை வாங்கவில்லை.

"இது எப்பிடிம்மா போடட்டும்? பின்பக்கம் திருப்பி ஈரச்சாக்கு போட்டா?"

"பட்டுக்கு யாராவது சாக்கு போடுவாளா? என்ன பேசறே?"

"பெரிய சாரு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாரு. கூடாரத்துக்கெல்லாம் அப்பிடித்தானாமே. அவர் கண்டுபிடிச்சதாம். யாரோ பெரிய மிலிட்டிரிக்காரர் வந்து பாத்துட்டுத் தோளைத் தட்டினாராம். மோதிரம் பட்டு ரெண்டு நாளு வலியாம்."

கல்பகம் வேட்டியை நீட்டியபடியே நின்றாள். அவசரம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"எந்தத் தோள்?" என்றாள்.

"இதோ, இந்தத் தோளு." வசந்தி தன் வலது தோளைத் தடவிக் காட்டினாள், அவர் தடவியது போலவே.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கல்பகம் சிரிக்கவில்லை.

"மோதிரம்," என்றாள் தனக்குள். "கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மோதிரத்தைக் கேட்டிண்டிருக்கேன். எவனையாவது ஏதாவது பண்ண வைக்கணும்னாத்தான் அந்த பிரிகேடியர் வருவான். குக்கர் கேஸ்கெட்டுக்கு வந்தான். மாரெட்பள்ளில பம்புசெட்டுக்கு வந்தான், மோட்டார் பொகஞ்சு போச்சு." நிமிர்ந்தாள். "அவர் இங்க நின்னாரா?"

"நீங்க நிக்கற எடத்துலதாம்மா."

கல்பகம் விடுவிடுவென்று வாட்ச்மேன் கூண்டுக்குப் போய் இன்டர்காமை எடுத்தாள். அவள் குரல் மேஜைவரை கேட்டது. "ஏன்னா, கீழ வாங்கோ. வேட்டி ஆகலை. வந்தாத்தான் ஆகும். பத்ரியையும் கூட்டிண்டு வாங்கோ."

வந்தார்கள். சக்ரபாணி பனியனும் பழைய வேட்டியுமாக. பத்ரி ஜிப்பாவில். மேஜையைப் பார்த்ததுமே பெரியவரின் நடை தயங்கியது.

"பெட்ஷீட்டோட கலந்து போச்சுன்னேளே," என்றாள் கல்பகம். "பெட்ஷீட்டுக்கும் பிரிகேடியர் கதை சொன்னேளா?"

"அம்மா, இங்க வேண்டாம்," என்றான் பத்ரி.

"இங்கதான் வேணும். நம்ம வீட்டு மூட்டையை நான்தான் கட்டினேன். பெட்ஷீட் அந்த வாரம் கீழ போகவே இல்லை. எனக்கு அப்பவே உறுத்தித்து. வயசானவர், விடு, மறந்திருப்பார்னு இருந்துட்டேன்."

சக்ரபாணி மறுக்கவேண்டுமானால் பிரிகேடியரை மறுக்கவேண்டும். அது அவரால் ஆகாத காரியம். கடைசியில் கல்பகத்திடம் மட்டும் சொல்வதுபோல, "அவன் நிஜமாவே தட்டினான்," என்றார்.

"தட்டினான். படத்துக்கு என்ன பதில்?"

"நான்தான் போடச் சொன்னேன்."

அவ்வளவு சின்னக் குரலில் சொன்னார். கேட்டில் போன தண்ணீர் லாரி சத்தத்தில் பாதி அடிபட்டுப் போயிற்று. வசந்திக்குக் கேட்டது. ஆனால் வசந்திக்கு அது முன்பே தெரியும்.

பத்ரி மூச்சு விட்டான். "சரி. முடிஞ்சுது. தெரிஞ்சு போச்சு. வசந்தி, நீ மேஜையை இங்கயே வச்சுக்கோ, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்தத் துணியைக் கொடு. நேரமாறது."

மன்னிப்பு என்ற வார்த்தை வருமோ என்று வசந்தி பார்த்தாள். வரவில்லை. பிச்சை போடுகிற மாதிரி இடத்தைப் போட்டான், போட்ட கையாலேயே துணியைக் கேட்டான். அவள் கத்தவில்லை.

"என் பேரைக் குழுவில போட்டீங்க. அத்தினி பேரு படிச்சாங்க. அதே எடத்துல போடுங்க, செஞ்சது யாருன்னு. அப்புறம் துணி."

பத்ரி ஃபோனை எடுத்து வேகமாகத் தட்டினான். "போட்டாச்சு."

வசந்தி ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா தன் ஃபோனை எடுத்து வாசித்தாள். "படம் சம்பந்தமாக ஒரு சிறு குழப்பம் ஏற்பட்டது. அது பேசித் தீர்க்கப்பட்டது. நன்றி."

"அதுல பெரிய சார் பேரு இருக்குதா?"

"இல்லக்கா."

"என் பேரு?"

"அதுவும் இல்ல."

"போன தடவை இருந்துச்சே."

வசந்தி ஸ்டெல்லாவின் புடவையை மடித்து அவள் கையில் கொடுத்தாள். குனிந்து தினத்தந்திப் பொதியை எடுத்துப் பிரித்து, அந்த வெள்ளைத் துணியை மேஜைமேல் உதறி விரித்தாள். கோட்டை மேல்பக்கமாக வந்து விழுந்தது. இடிந்த கோபுரம், சுவரில் சாய்ந்த குடிசை, புகை. வெயிலில் பளபளத்தது. பெட்டியைத் திறந்து ரெண்டு துண்டு கரியைப் போட்டு ஊதினாள். தணல் சிவந்தது.

"என்ன பண்றே?" என்றான் பத்ரி.

"பெரிய சாருக்கு வேட்டி போட வேணாமா? மேஜைக்கு விரிக்கத் துணி வேணும். இது என் துணி சார். காசு குடுத்து வாங்கினது, தொவைச்சு விரிச்சது. இதுல உங்க கோட்டை வந்து குந்திக்கிச்சு. ஒரு இழுப்பு இழுத்தாப் போயிடும்."

பெட்டி கோபுரத்துக்கு நேர்மேலே நின்றது. சூடு இறங்கி, பெயிண்டின் ஓரம் மெல்ல மினுங்கத் தொடங்கியது. அன்றைக்கு வந்த அதே வாசம் லேசாக வந்தது.

"நக்கோ," என்றார் சக்ரபாணி. "நக்கோ, வேண்டாம் வசந்தி. இரு." மகனிடம் கையை நீட்டினார். "ஃபோனைக் கொடு. பேசறதுக்கு எதை அழுத்தணும்?"

"அப்பா, நீங்க எதுக்கு..."

"எதை அழுத்தணும்னு கேட்டேன்."

பத்ரி காட்டினான். பெரியவர் ஃபோனை வாய்க்கு அருகில், டெலிஃபோன் ரிசீவர்போலப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். ஸ்டெல்லா பக்கத்தில் நின்று அடிக்கு அடி தமிழில் சொன்னாள். "நான் சக்ரபாணி, பத்ரியோட அப்பா... அந்தப் படத்தை நான்தான் கீழ எடுத்துட்டுப் போனேன்... வசந்தி வேண்டாம்னு சொன்னா, நான்தான் கட்டாயப்படுத்திப் போடச் சொன்னேன்... வீட்ல பொய் சொல்லிட்டேன்... அவ பேர்ல எந்தத் தப்பும் இல்ல."

"முடிஞ்சுதா?" என்றாள் வசந்தி.

"இன்னும் பேசுதாரு." ஸ்டெல்லா காது கொடுத்தாள். "இப்ப ஃபேக்டரில டென்ட்டு எப்படிப் போடுவாங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு."

கல்பகம் எட்டி அந்த விரலை ஃபோனிலிருந்து எடுத்துவிட்டாள். "போதும். போயாச்சு."

ஸ்டெல்லாவின் ஃபோனில் டிங்கென்றது. வாட்ச்மேன் கூண்டிலும், பார்க்கிங்கில் நின்ற யாருடைய பையிலும் அடுத்தடுத்து டிங்கென்றது. வசந்தி பெட்டியை இறக்கித் தட்டில் வைத்தாள். துணியை நாலு முனையும் பிடித்து, சாயம் சாயத்தில் படாமல் உள்ளே தாள் வைத்து மடித்து, பத்ரியிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். "தேங்க்ஸ்" என்றான், பழக்கத்தில் வருகிற அந்த தேங்க்ஸ்.

"புதுத் துணி ஒண்ணு வாங்கிக் குடுத்திடுங்க சார். வெள்ளையா, கெட்டியா. அதும் என் பொருளுதான்."

பத்ரியும் கல்பகமும் மேலே போனார்கள். சக்ரபாணி போக முடியவில்லை, வேட்டி ஆகவேண்டும். வெயில் மேஜைவரை வந்துவிட்டது. நிழலில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம், அதில் வசந்தி நின்றாள். அவர் வெயிலில் பனியனோடு நின்றார்.

வசந்தி தன் பழைய புடவை ஒன்றை நாலாக மடித்து மேஜையில் விரித்தாள். பட்டு வேட்டியைப் பிரித்து உதறினாள். ஜரிகைக் கரையை நேராக்கி, உள்ளங்கையால் ஒரு தடவை நீவினாள். கைபோன பாதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்து, "வசந்தி..." என்று இழுத்தார்.

அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்பக்கமாப் போடட்டுமா சார், பின்பக்கமா?"